பூ வாக்கு

தெய்வானை இரண்டாவது பொட்டலத்திலும் நந்தியாவட்டையையே வைத்தாள். வைத்துவிட்டுக் கோயிலைத் திரும்பிப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணி. உள்ளே பூசாரி வேலாயுதம் அம்மனுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். தண்ணீர் கருவறைக்கு வெளியே தொட்டியில் விழும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை, ஒரு பல்லி கூடக் கத்தவில்லை. காலடியில் செவ்வரளிக் கூடை கை படாமல் அப்படியே இருந்தது. இலையை மடித்து, வாழைநாரை இரண்டு சுற்று சுற்றி, தன் வழக்கமான முடிச்சைப் போட்டாள். ஒரே இழுப்பில் அவிழ்கிற முடிச்சு. பொட்டலத்தைப் பிரிப்பது எப்போதும் சின்னக் குழந்தைகள்தான் என்பதால் அவளாகவே பழகிக்கொண்டது அது.

மலேசியாவின் தெலுக் இந்தானில் ஆற்றங்கரை மாரியம்மன் கோயில் வாசலில் அவள் பூக்கடை போட்டு இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. மாலை கட்டுவது ஒரு பக்கம் என்றால், அம்மனிடம் பூ வாக்குக் கேட்க வருகிறவர்களுக்குப் பொட்டலம் கட்டிக் கொடுப்பது இன்னொரு பக்கம். ஒன்றில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு. அம்மன் காலடியில் வைத்துப் பூசை முடிந்ததும் ஒரு குழந்தை ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் அவள் குளிர்ந்து சம்மதித்தாள். சிவப்பு வந்தால் வேண்டாம் என்கிறாள். எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரித்துப் பார்க்கக்கூடாது. அது அப்படியே ஆற்றுக்குப் போய்விட வேண்டும். "அதையும் பிரிச்சுப் பாத்தா ஆத்தாவ சோதிக்கறதா ஆயிரும்" என்பார் பூசாரி. கல்யாணம், வீடு, கோர்ட்டுக் கேஸ், ஓடிப்போன பிள்ளையைத் தேடப் போகலாமா வேண்டாமா என்று எத்தனையோ பேருக்குக் கட்டியிருக்கிறாள். சொந்த மகள் லோகாவுக்கு ஒரு நல்ல இடம் வந்தபோது கேட்டதில் சிவப்பு வந்தது. அந்த மாப்பிள்ளையை விட்டுவிட்டுத் தெய்வானை மூன்று நாள் அழுதாளே தவிர, பூவில் கை வைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. இன்றைக்குத் தோன்றிவிட்டது. தோன்றியதோடு நிற்காமல் செய்தும் முடித்தாயிற்று.

எல்லாம் நாகப்பனின் காலுக்காக. நாகப்பன் அவள் புருஷன். முப்பது வருஷம் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றுகிற லோரி ஓட்டியவன். வருஷம் தவறாமல் ஆடித் திருவிழாவில் காப்புக் கட்டி, பதினேழு தடவை பூக்குழி இறங்கியவன். நெருப்பை மிதிக்கப் போகிறவனைப் பூக்குழி என்று அழகாகச் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள், வீட்டுக்கு வந்து வெண்ணெய் தடவுகிறவளுக்கல்லவா தெரியும் அது என்ன பூ என்று. முதல் பதினான்கு வருஷமும் உள்ளங்காலில் கொப்புளம் இருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு, "சும்மா லேசாதான்" என்பான். பதினைந்தாம் வருஷம் குழியை விட்டு ஏறியவன் கால் நனைக்கிற பால் தொட்டியில் நின்றுகொண்டு கோவென்று அழுதான். "சுடலடி தேவான! கொஞ்சங்கூட சுடல. என்ன ஏத்துக்கிட்டாடி!" என்றான். அடுத்த வருஷமும் சுடவில்லை. அதற்கடுத்த வருஷமும் சுடவில்லை. தாமான் குடியிருப்பு முழுக்க அவனுக்குத் தனி மரியாதை வந்துவிட்டது. கைக்குழந்தைகளைக் கொண்டுவந்து அவன் காலடியில் போட்டு எடுத்தார்கள்.

இந்த ஆடி முடிந்து நான்காம் நாள், வீட்டுச் சிமெண்ட் தரையில் சின்னச் சின்னதாய் ஈரக் கறை இருப்பதைப் பார்த்துத் துடைத்துக்கொண்டே போனாள் தெய்வானை. கறை அவன் காலடியில் போய் முடிந்தது. வலது உள்ளங்காலில், கோயில் வாசலில் சிதறுகாய் உடைத்த சில்லு ஒன்று கட்டைவிரல் நீளத்துக்கு ஏறி நின்றது. அதோடுதான் நான்கு நாளாக நடந்திருக்கிறான்.

பெரியாஸ்பத்திரியில் டாக்டர் நம் தமிழ்ப் பெண்தான். இனிப்புநீருக்கு ரத்தத்தில் சர்க்கரை எத்தனை அளவு என்று பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தாள். பிறகு ஒரு ஊசியை எடுத்து அவன் காலில் அங்கங்கே குத்திக்கொண்டே வந்தாள். நாகப்பன் அந்த நேரம் பார்த்து, மழையில் லோரி சேற்றில் மாட்டிய கதையைச் சுவாரசியமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். ஊசி இறங்கியது, ஏறியது. கதை நிற்கவில்லை. டாக்டர் தெய்வானையை மட்டும் வெளியே கூப்பிட்டு, "ஆண்ட்டி, இவருக்குக் காலுல உணர்ச்சி போயி எவ்வளவு நாளாச்சு?" என்று கேட்டாள். "தெரியலம்மா" என்றாள் தெய்வானை. தெரியும். எந்த வருஷம், எந்த நாள், எத்தனை மணிக்கு என்பது வரைக்கும் அந்த நொடியில் தெரிந்துவிட்டது. அவனிடம் எப்படிச் சொல்லுவாள்? அந்த மனுஷனுக்கு வாழ்க்கையில் இருக்கிற ஒரே பெருமை அது. சொல்லவில்லை.

முழங்காலுக்குக் கீழே எடுத்தே ஆக வேண்டும், இல்லையென்றால் விஷம் உடம்பெல்லாம் ஏறிவிடும் என்று டாக்டர் சொன்னபோது நாகப்பன் சிரித்தான். "ஆத்தா நெருப்புலயே தொடாத காலும்மா இது. இத ஒங்க கத்திக்குக் குடுக்கவா?" என்று கேட்டுவிட்டு, சொந்தப் பொறுப்பில் போகிறேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டான். புறப்படும்போது நர்ஸ் மிசி ஒருத்தி அவன் கெண்டைக்காலில் சிவப்பு ஏறியிருந்த இடத்துக்கு மேலே நீலப் பேனாவால் சுற்றிலும் ஒரு கோடு போட்டாள். "சிவப்பு இந்தக் கோட்டத் தாண்டுச்சின்னா ஒரு நிமிஷம் கூட வீட்ல வெச்சிருக்காதீங்க" என்று தெய்வானையிடம் சொன்னாள். அன்றிலிருந்து காலையில் எழுந்ததும் அவள் முதலில் பார்ப்பது சாமி படத்தை இல்லை, அந்தக் கோட்டைத்தான். இன்று காலை சிவப்புக்கும் கோட்டுக்கும் நடுவே சுண்டுவிரல் அகலம்தான் மிச்சம் இருந்தது.

நாகப்பனின் அக்கா அஞ்சலைதான் இந்த யோசனையைச் சொன்னது. "நீயும் நானும் சொல்லி அவன் கேக்கப் போறதில்ல. ஆத்தாகிட்டயே பூ கேட்ருவோம். எடுத்துருன்னு அவ சொன்னா எடுத்துரணும்" என்றாள். முரண்டு பிடிப்பான் என்று நினைத்த நாகப்பன், "சரி, அவ சொல்லட்டும்" என்று உடனே ஒத்துக்கொண்டான். தெய்வானைக்கு அதுவே ஆச்சரியம். அம்மனே மனசு வைத்துத் திருப்பிவிட்டாள் என்று நினைத்தாள். ஆனால் அரைக்கு அரை வாய்ப்பு என்பது பூக்கட்டுகிறவளுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. புருஷன் உயிரை அப்படிப் பாதிக்குப் பாதி வைத்துப் பார்க்க அவளால் ஆகவில்லை. "ஒன் பேரச் சொல்லி நான் பொய் சொல்றேன். தண்டனை எனக்குக் குடு. அந்த மனுசன விட்ரு" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

எட்டு மணிக்கு அஞ்சலை, தம்பியை வாடகைக் காரில் அழைத்து வந்தாள். சக்கர நாற்காலியில் உட்கார வைத்து மண்டபத்துக்குள் தள்ளி வந்தார்கள். காலில் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துத் தடவி, வெள்ளை வேட்டித் துணி சுற்றியிருந்தது. அதையெல்லாம் மீறி ஒரு நாற்றம் வந்தது. ஊதுவத்தி வாசனையோடு கலந்து வந்த அந்த நாற்றத்துக்கு, சாமி கும்பிட வந்த இரண்டு பெண்கள் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு விலகிப் போனார்கள்.

"கை கால் கழுவிட்டு வா தேவான. தட்ட நான் வெச்சிருக்கேன், குடு" என்றான் நாகப்பன். பொட்டலங்கள் இருந்த தட்டை அவன் மடியில் வைத்துவிட்டுக் குழாயடிக்குப் போனாள். அஞ்சலை விளக்குக்கு எண்ணெய் ஊற்றப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது தட்டு மடியிலேயே இருந்தது. நாகப்பன் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தான். அவளுக்குப் பாவமாக இருந்தது.

பூசாரி வேலாயுதம் தட்டை வாங்கி அம்மன் காலடியில் வைத்தார். தேங்காய் உடைத்தார். நல்ல வெள்ளையாய், இரண்டு சரிபாதியாய் விழுந்தது. "நல்ல சகுனம்" என்றாள் அஞ்சலை. பூசாரிக்கு எதைச் செய்தாலும் அதற்கு ஒரு அர்த்தம் சொல்லியாக வேண்டும். சூடத்தட்டைத் தூக்கிக் காட்டினார். "ஏன் சூடம் காட்டறோம்? மத்தது எரிஞ்சா சாம்பலு மிஞ்சும், கரி மிஞ்சும். சூடம் எரிஞ்சா ஒண்ணும் மிஞ்சாது. அந்த மாதிரி ஆத்தா முன்னாடி நாம ஒண்ணுமில்லாம போயிரணும்." நாகப்பன் சுடரை ஒற்றிக் கண்ணில் வைத்துக்கொண்டான். காய்ச்சலில் அவன் கண் பளபளவென்று இருந்தது. ஒண்ணுமில்லாமல் போவது என்ற சொல்லை இன்று அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று தெய்வானை நினைத்தாள்.

பூசாரியின் பேத்தி கவினாவுக்கு நாலு வயசு. பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து, கொஞ்சமும் யோசிக்காமல் இடது பக்கப் பொட்டலத்தை எடுத்தாள். நாரின் நுனியைப் பிடித்து இழுத்தாள். அவிழவில்லை. இன்னொரு தடவை இழுத்தாள். முடிச்சு இன்னும் இறுகியது.

தெய்வானையின் கை தானாக வாய்க்குப் போனது.

"என்ன தேவான, இன்னிக்கி இப்புடி இறுக்கிட்ட?" என்றார் பூசாரி. பேத்தியிடமிருந்து வாங்கி, தேங்காய் உடைக்கிற அரிவாளின் முனையால் நாரை அறுத்தார். இலையைப் பிரித்து எல்லாரும் பார்க்கிற மாதிரி கையை நீட்டினார். இலைக்குள் ஒரு செம்பருத்தி, நாக்கை நீட்டிக்கொண்டு கிடந்தது.

"ஆத்தா..." என்று அஞ்சலை நெஞ்சில் அடித்துக்கொண்டாள். நாகப்பன் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டான். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. "சொல்லிட்டா. வேணான்னுட்டா" என்றான்.

தெய்வானை இலையைப் பார்த்தாள். அவள் வைத்தது வெள்ளை. இரண்டுமே வெள்ளை. அவளுடைய இந்தக் கையால் வைத்தாள். அம்மன் முகத்தைப் பார்த்தாள். வெள்ளிக் கண்ணுக்குள் சூடத்தின் சுடர் ஆடியது. நீ பொய் சொன்னாய், நான் மாற்றினேன் என்று அந்தக் கண் சொல்லுவது போலிருந்தது. சொல்லிவிடலாமா? இது சிவப்பாக இருக்க முடியாது என்று சொல்ல வேண்டுமென்றால், தான் என்ன செய்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக ஊருக்குப் பூக்கட்டிக் கொடுத்தவள் வாயால்.

"பூசாரி... இன்னொரு தடவ கேட்டுப் பாக்கலாங்களா?" என்றாள்.

"வெளையாடறியா? அவ சொன்னத அவகிட்டயே இல்லன்னு திருப்பிக் குடுப்பியா நீ? இந்தா, இத ஆத்துல விட்டுட்டு வா" என்று மிச்சமிருந்த பொட்டலத்தை அவள் கையில் கொடுத்தார்.

கோயிலுக்குப் பின்னால் எட்டுப் படி இறங்கினால் ஆறு. பேராக் ஆறு அன்றைக்குச் சேற்று நிறத்தில் நிறைந்து போய்க்கொண்டிருந்தது. தண்ணீரில் கால் நனைய நின்றவள், விடுவதற்காகக் கையை நீட்டினாள். அப்போதுதான் முடிச்சைப் பார்த்தாள். இழுக்க இழுக்க இறுகுகிற முடிச்சு. செம்பனைக் குலைக்கு மேலே வலையை இழுத்துக் கட்டுகிற லோரிக்காரன் முடிச்சு. முப்பது வருஷம் அவன் வீட்டுக் கொடிக்கயிற்றையும் இதே முடிச்சால் கட்டி, அவிழ்க்க முடியாமல் அவள் கத்தியதுண்டு. காலையில் வீட்டுக் குழாயடியில் செம்பருத்திச் செடி மொட்டையாக நின்றதும், அஞ்சலை அக்கா பறித்திருப்பாள் என்று தான் நினைத்துக்கொண்டதும் ஞாபகம் வந்தது. பல்லால் கடித்து நாரை அறுத்தாள். இதிலும் செம்பருத்திதான்.

பிரிக்கக்கூடாத பொட்டலத்தைப் பிரித்தாயிற்று. பூவை ஆற்றில் விட்டாள். நாரை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

வீட்டுக்குப் போனதும் அஞ்சலை, "நான் போயி கஞ்சி வெச்சிக் கொண்டாரேன்" என்று அழுதுகொண்டே பக்கத்துத் தெருவில் இருக்கிற தன் வீட்டுக்குப் போனாள். நாகப்பன் கூடத்தில் சாய்வு நாற்காலியில் கிடந்தான். வலது காலை ஸ்டூலில் தூக்கி வைத்திருந்தான். தெய்வானை அவன் கைலியை விலக்கிப் பார்த்தாள். நீலக் கோடு இருந்த இடம் முழுக்கச் சிவந்து, கோடு சிவப்புக்குள்ளே முங்கிக் கிடந்தது. அதற்கு மேலேயும் மூன்று விரல்கடை ஏறியிருந்தது. நெற்றியைத் தொட்டாள். கொதித்தது.

முந்தானை முடிச்சை அவிழ்த்து, நாரை அவன் மடியில் போட்டாள். "இது என்ன?"

நாகப்பன் பார்த்தான். மறைக்கப் பார்க்கவில்லை. "பிரிச்சிட்டியா? பிரிக்கக்கூடாதுல்ல."

"சாமிய வெச்சு வெளையாடிருக்கீங்களே, ஒங்களுக்கு வெக்கமா இல்ல? அதான் ஒடனே சரின்னீங்களா? சாகறதுக்கு இவ்ளோ ஆசையா?"

"ஓ... நான் மட்டுந்தானா?" என்று சிரித்தான். உதடு காய்ந்து வெடித்திருந்தது. சட்டைப் பையிலிருந்து வாடிய இரண்டு நந்தியாவட்டையை எடுத்து ஸ்டூல் மேல் வைத்தான். "மாத்தறப்ப ஒன்னோடத பிரிச்சுப் பாத்தேன். ஒண்ணு வெள்ள. சரி. இன்னொண்ணும் வெள்ள. அடிப்பாவின்னு நெனச்சேன். நீ ரெண்டு வெள்ள வெச்ச, நான் ரெண்டு செவப்பு வெச்சேன். பாவம் தேவான, அவகிட்ட யாருமே கேக்கல."

தெய்வானை தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தது, கோபம் வந்தது, ஒரு கணம் சிரிப்பு கூட வந்தது. "அப்ப இப்ப சொல்றேன், கேளுங்க. கோடு தாண்டிருச்சு. வண்டியக் கூப்புடறேன். போயிருவோம். ஒங்கள கெஞ்சிக் கேக்கறேங்க."

"மாட்டேன். ஒத்தக் கால வெச்சிக்கிட்டு எந்தக் குழியில எறங்க? மூணு வருசமா சுடாம பாத்துக்கிட்டா. இது மட்டும் அவளுக்குத் தெரியாதா? விட்ரு."

இனிமேல் அவளிடம் அந்த ஒன்றுதான் மிச்சம் இருந்தது. சொன்னால் இந்த மனுஷன் இரண்டாக ஒடிந்துபோவான். சொல்லாவிட்டால் நாளைக்கு இருக்க மாட்டான். அவன் முகத்தைப் பார்க்காமல், ஸ்டூல் மேல் கிடந்த பூவைப் பார்த்துச் சொன்னாள்.

"சுடாமப் போனது அவளால இல்லங்க."

"என்னா?"

"இனிப்புநீரு. காலு செத்துப் போச்சு. டாக்டரம்மா ஊசியால பத்து எடத்துல குத்துனா, நீங்க லோரிக் கதை சொல்லிக்கிட்டு இருந்தீங்க. மூணு வருசமா செத்துப் போயிதான் இருக்கு. தேங்காச் சில்லு ஏறினதும் தெரியல. நெருப்பு சுட்டதும் தெரியல."

வெளியே மோட்டார் சைக்கிளில் ஐஸ்கிரீம் விற்கிறவன் மணியடித்துக்கொண்டு போனான். அந்தச் சத்தம் தெருமுனையில் மறைகிற வரைக்கும் நாகப்பன் ஸ்டூல் மேல் கிடந்த காலையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் இருந்த பளபளப்பு மெல்லப் போய், ஒரு கிழவன் அங்கே உட்கார்ந்திருந்தான்.

"பொய்யி" என்றான். பிறகு, "அது புண்ணு வந்த காலு. அதுல உணர்ச்சி இல்லாம இருக்கும். நல்ல காலு இருக்குல்ல? அதுவுந்தான நெருப்புல நடந்துச்சு? சூடம் கொண்டா" என்றான்.

"எதுக்குங்க?"

"கொண்டாடி. நல்ல காலுகிட்ட காட்டு. எனக்கு உணர்ச்சி இருந்து, அவ காப்பாத்துனாளா, இல்ல நீ சொல்றதா, பாத்துருவோம். சுட்டுச்சின்னா, உணர்ச்சி இருக்குன்னு அர்த்தம். என்ன வீட்டுலயே விட்ரு. சுடலன்னா வண்டியக் கூப்புடு. இதுல நீயும் மாத்த முடியாது, நானும் மாத்த முடியாது."

சாமி அறைக்குப் போய்ப் பித்தளைக் கரண்டியில் ஒரு கட்டி சூடம் வைத்துக் கொளுத்தினாள். முப்பது வருஷமாக அந்தக் கரண்டியால் அம்மன் படத்துக்கு மூன்று சுற்று சுற்றியிருக்கிறாள். இன்றைக்குப் படத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. கூடத்துக்கு வந்து அவன் நீட்டிய இடது காலுக்கு முன்னால் மண்டியிட்டாள். நாகப்பன் இரண்டு கையையும் நெஞ்சில் கூப்பி, கண்ணை இறுக மூடிக்கொண்டான். பூக்குழிக்கு முன்னால் நிற்கிறபோது இதே மாதிரிதான் நிற்பான்.

உள்ளங்காலுக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்தாள். பிறகு அரை சாண். சுடர் ஆடி ஆடிக் கட்டைவிரலைத் தொட்டது. சுட்டுவிடக்கூடாதே என்றும், சுட்டுவிட வேண்டுமே என்றும் இரண்டையும் ஒரே மனசில் வேண்டிக்கொண்டிருந்தாள். கட்டைவிரல் மேலிருந்த நரைத்த முடி சுருண்டு பொசுங்கியது. முடி கருகிய நாற்றம் எழுந்தது. தோல் சிவந்து, கண் முன்னாலேயே மெல்ல உப்பியது. கரண்டியின் காம்பு சூடேறி அவள் விரலைப் பொசுக்கியது. அவள் விடவில்லை.

நாகப்பன் கண்ணைத் திறக்காமல் கேட்டான்.

"கொளுத்திட்டியா தேவான? கிட்ட கொண்டா. இன்னும் கொஞ்சம் கிட்ட கொண்டா."